டோனர் கிட்னியை வைக்கறதுக்கு முன்னாடி கெட்டுப்போகாம எப்படி பாத்துக்கறாங்க? ஐஸ் பெட்டி மட்டும் போதுமா?

நேரா சொல்லிடறேன், ஐஸ் பெட்டி அந்த வேலையில ஒரு பகுதிதான், அதுவே பெரிய பகுதின்னு கூட சொல்ல முடியாது. கேள்வி கேட்டவரோட மாமா டயாலிசிஸ்ல இருக்காரு, மூளைச்சாவு டோனர் கிட்னிக்காக லிஸ்ட்ல பேர் குடுத்துட்டு காத்துட்டு இருக்காங்க, "வேற ஆஸ்பத்திரில எடுத்து மணிக்கணக்கா ஐஸ்ல வச்சு கொண்டு வர்ற கிட்னி கெட்டுப்போகாதா, வேலை செய்யுமா"ன்னு கேட்டிருக்காரு. நான் ட்ரான்ஸ்பிளான்ட் டீம்ல வேலை பாக்கறவன்ங்கறதால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், ஏன்னா தமிழ்ல இத பத்தி தேடினா உறுப்பு தானம் பண்ணுங்கன்னு சொல்றதோட முடிஞ்சிடுது, தானம் குடுத்ததுக்கும் கிட்னி இன்னொருத்தர் உடம்புல யூரின் விடறதுக்கும் நடுவுல இருக்கற அந்த ஒன்றரை நாள் ரெண்டு நாள்ல என்னென்ன நடக்குதுன்னு யாரும் சொல்றதில்ல.

முதல்ல கிட்னிக்கு ஏன் அடிபடுதுன்னு பாத்துடுவோம். இதயம் பம்ப் பண்ற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல ரெண்டு கிட்னிக்குத்தான் போகுது, ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டி அதுல 99 சதவீதத்த திரும்ப உள்ள இழுத்துக்குது. இந்த இழுக்கற வேலைய செய்யற குழாய் செல்களுக்கு எக்கச்சக்க எனர்ஜி வேணும், ஆனா கிட்னியோட உள்பகுதில ஆக்சிஜன் சாதாரண நேரத்துலயே கம்மிதான், நல்லா இருக்கற கிட்னியே அங்க விளிம்புலதான் ஓடிட்டு இருக்கு. ரத்தம் நின்ன உடனே செல்லுக்குள்ள எனர்ஜிய சுமக்கற ஏடிபிங்கற பொருள் சில நிமிஷத்துல தீந்துடும், சோடியத்த வெளிய தள்ளற பம்ப் நின்னுடும், சோடியம் உள்ளயே தங்கும், அது பின்னாடியே தண்ணி வரும், உளுந்து ஊறி உப்பற மாதிரி செல் உப்பும், கால்சியம் உள்ள ஏறும், ஆசிட் சேரும். இது முதல் அடி.

ரெண்டாவது அடி ரத்தம் திரும்ப வரும்போது விழுது, இதத்தான் நிறைய பேருக்கு நம்ப கஷ்டமா இருக்கும். ரத்தம் இல்லாத நேரத்துல செல்லுக்கு எனர்ஜி தயாரிக்கற மைட்டோகான்ட்ரியாக்குள்ள சக்சினேட்னு ஒரு பொருள் குவிஞ்சிடும், ஆக்சிஜன் வந்ததும் அது ஒரே மூச்சுல எரிஞ்சு ஃப்ரீ ரேடிக்கல்ஸ அள்ளி வீசும், கேம்பிரிட்ஜ் டீம் ஒண்ணு 2014ல இத தெளிவா காட்டினாங்க. அதனாலதான் டாக்டருங்க ரத்தம் நிக்கறத குறிக்கற இஸ்கீமியா மட்டும் சொல்லாம, ரத்தம் திரும்ப வர்றதையும் சேத்து இஸ்கீமியா ரீபெர்ஃப்யூஷன் இஞ்சுரின்னு சேத்தே சொல்வாங்க. இந்த அடி கொஞ்சம் பலமா பட்டா, புது கிட்னி வச்ச முதல் வாரத்துலயே டயாலிசிஸ் தேவைப்படும், அதுக்கு பேர் டிலேய்ட் கிராஃப்ட் ஃபங்ஷன், சுருக்கமா டிஜிஎஃப். கிட்னி செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் எழுந்துடும், ஆனா ஆஸ்பத்திரில இருக்கற நாள் கூடும், உடம்பு புது கிட்னிய ஏத்துக்காம எதிர்க்கற ரிஜக்‌ஷன் ரிஸ்க் கூடும்.

இப்ப பாதுகாப்பு எங்க ஆரம்பிக்குதுன்னா, ஆபரேஷன் தியேட்டர்ல இல்ல, டோனர் படுத்திருக்கற ஐசியூல. இத எழுத்துல எவ்வளவு அழுத்தி சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தி சொல்லணும்னு தோணுது. மூளை சாகற சமயத்துல உடம்புல அட்ரினலின் புயல் ஒண்ணு அடிக்கும், பிபி எகிறும், ரத்தக்குழாய் எல்லாம் இறுகும், அந்த நேரத்துல கிட்னிக்கு போற ரத்தம் குறையும். அப்புறம் எல்லாம் தலைகீழா மாறி பிபி தரைக்கு வந்துடும். கூடவே உடம்புல தண்ணிய புடிச்சு வைக்கற, மூளையில இருந்து வர்ற வாசோப்ரெசின்ங்கற ஹார்மோன் நின்னுடறதால யூரின் கட்டுப்பாடில்லாம போகும். பெட் பக்கத்துல நின்னு பாத்தீங்கன்னா தெரியும், யூரின் பை ஒரு மணி நேரத்துல அரை லிட்டர், சில சமயம் அதுக்கும் மேல ரொம்பும், நிறமே இல்லாம பச்சத்தண்ணியா இருக்கும், ஷிஃப்ட் மாறி வந்த புதுசானவங்க "கிட்னி சூப்பரா வேலை செய்யுது சார்"னு சொல்வாங்க, ஆனா அந்த நேரத்துல உடம்பு காஞ்சிட்டு இருக்கும், சோடியம் 150, 160ன்னு ஏறிட்டு இருக்கும், இன்னும் ரெண்டு மணி நேரம் யாரும் கவனிக்கலன்னா பிபி விழும், அதோட கிட்னியும் போகும். வாசோப்ரெசின் இல்லன்னா டெஸ்மோப்ரெசின் போட்டு, போன தண்ணிய கணக்கு பண்ணி திருப்பி குடுத்து, தேவைப்பட்டா நார்அட்ரினலின் ஓட்டி புடிச்சு நிறுத்தணும். பழைய ஆளுங்க இதுக்கு நூறு கணக்குன்னு ஒண்ணு சொல்லிக்குடுப்பாங்க, மேல் பிபி 100க்கு மேல, யூரின் மணிக்கு 100 மில்லி, ரத்தத்துல ஆக்சிஜன் அழுத்தம் 100க்கு மேல, ஹீமோகுளோபின் லிட்டருக்கு 100 கிராம். ரொம்ப நுணுக்கமான கணக்கு இல்ல, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஞாபகத்துல நிக்கற கணக்கு.

மூளைச்சாவுன்னு அறிவிச்சதும் சில ஐசியூல மனசளவுல அந்த பெட்ட விட்டுடுவாங்க, "இனிமே என்ன இருக்கு"ன்னு. அந்த நேரத்துல அங்க படுத்திருக்கறது ஒரு ஆள் இல்ல, அந்த உடம்ப நம்பி ரெண்டு கிட்னி பேஷன்ட், ஒரு லிவர் பேஷன்ட், இன்னும் யார் யாரோ வீட்டுல போன பாத்துட்டு உக்காந்திருக்காங்க. அந்த பெட்ட விடாம பாத்துக்கற நர்ஸ் கிட்னிக்கு பண்ற நல்லத, பின்னாடி எந்த மருந்தாலயும் பண்ண முடியாது.

என்ன குடுக்கக்கூடாதுங்கறதும் முக்கியம். சில ஆன்டிபயாடிக், வலி மருந்து, தேவையில்லாத கான்ட்ராஸ்ட் ஸ்கேன், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. தெரியாத ஒண்ணு சொல்றேன், ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச்னு ஒரு சலைன் வகை, பிபிய தூக்க ஒரு காலத்துல தாராளமா ஏத்துவாங்க. 1996ல பிரான்ஸ்ல ஒரு டீம், மூளைச்சாவு டோனருக்கு இத ஏத்தினா அந்த கிட்னிய வாங்கினவங்களுக்கு அதிகமா டயாலிசிஸ் தேவைப்படுதுன்னு லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதினாங்க. டோனர் உடம்புல ஏறுற ஒரு பாட்டில் இன்னொருத்தர் உடம்புல போயி தொந்தரவு குடுக்குது, இத படிச்சதுக்கு அப்புறம் டோனர் சார்ட்ல எந்த ஐட்டத்தையும் சாதாரணமா எடுத்துக்க முடியல.

மருந்து குடுத்து பாதுகாக்க முடியுமான்னு பல பேர் முயற்சி பண்ணிருக்காங்க. ஐரோப்பால டோனருக்கு கம்மி டோஸ்ல டோபமின், ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 4 மைக்ரோகிராம் ஓட்டி பாத்தாங்க, 2009ல ஜாமாங்கற மருத்துவ இதழ்ல வந்தது, கிட்னி வாங்கினவங்கள்ல ஒரு தடவைக்கு மேல டயாலிசிஸ் தேவைப்பட்டவங்க 35.4 சதவீதத்துல இருந்து 24.7க்கு குறைஞ்சது. டோபமின் கிட்னிக்கு ரத்தத்த கூட்டுதுன்னு ஒரு பழைய நம்பிக்கை இருக்கு, இங்க காரணம் அது இல்லன்னுதான் அந்த டீமே சொல்றாங்க, ரத்தக்குழாயோட உள்பக்க செல்கள குளிர்ல கெடாம அது காப்பாத்துதுங்கறதுதான் விளக்கம். ஸ்டீராய்டு அதே மாதிரி முயற்சி பண்ணாங்க, 1 கிராம் மெத்தில்பிரெட்னிசலோன், 2010ல ரிசல்ட் வந்தது, வித்தியாசம் ஒண்ணும் இல்ல. வேற காரணத்துக்கு டோனருக்கு ஸ்டீராய்டு இன்னும் குடுக்கறாங்க, ஆனா கிட்னிய காப்பாத்தும்னு சொல்லி குடுக்க முடியாது.

இந்த விஷயத்துலயே எனக்கு ரொம்ப புடிச்ச ஆராய்ச்சி டோனரோட உடம்பு சூட்ட பத்தினது. மூளை செத்ததும் உடம்புக்கு சூட்ட காப்பாத்திக்கற திறமை போயிடும், தானா குளிர ஆரம்பிக்கும். ஐசியூ வழக்கம் என்னன்னா, சூடான காத்து போர்வை போட்டு 36.5க்கு மேல ஏத்தி வைக்கறது. கலிஃபோர்னியா பக்கம் ஒரு குழு, நீமன், மாலினோஸ்கி இவங்க எல்லாம் சேந்து, சூடு பண்ணாமலே விட்டா என்னன்னு யோசிச்சாங்க. டோனர்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிய 34ல இருந்து 35 டிகிரிக்குள்ள வச்சாங்க, இன்னொரு பாதி வழக்கமான சூடு. டிஜிஎஃப் வந்தது குளிர் பக்கம் 28 சதவீதம், சூடு பக்கம் 39 சதவீதம். வயசான, பிபி சுகர் இருந்த டோனர்கள்ல, அதாவது எல்லாரும் எடுக்க தயங்கற கிட்னிகள்ல, வித்தியாசம் இன்னும் பெருசு, 31க்கு 57. பலன் இவ்வளவு தெளிவா தெரியவும் ட்ரையல பாதியிலயே நிறுத்திட்டாங்க, 2015ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல வந்தது. புது மருந்து கிடையாது, மெஷின் கிடையாது, ஒரு போர்வைய எடுத்துட்டாங்க, அவ்வளவுதான். காசே செலவில்லாத ஒரு சிகிச்சைக்கு இப்படி ஒரு ரிசல்ட் வர்றது ரொம்ப அபூர்வம். இதோட அடுத்த பாகம் கீழ வருது.

அடுத்து தியேட்டர். டோனரோட பெரிய ரத்தக்குழாயான அயோர்டால கேனுலாங்கற குழாய போட்டு, கிளாம்ப் போட்ட அந்த நொடியே ரத்தத்துக்கு பதிலா குளிர்ந்த திரவம் உள்ள ஓட ஆரம்பிக்கும், வயித்துக்குள்ள அரைச்ச ஸ்டெரைல் ஐஸ கொட்டுவாங்க. இதயம், லிவர் எல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் கிட்னி கடைசியாத்தான் வெளிய வரும், அதனால அந்த ஐஸ் உருகிடாம அடிக்கடி போட்டுட்டே இருக்கணும். வெளிய எடுத்து பேக் டேபிள்ல வச்சு ஆர்ட்டரி வழியா திரும்ப ஃப்ளஷ் பண்ணும்போது பாக்கணும், திட்டுத்திட்டா ஊதா நிறத்துல இருக்கற கிட்னி கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துட்டே வரும், வெயின் வழியா வர்ற தண்ணி சிவப்புல இருந்து ரோஸாகி தெளிவாகற வரைக்கும் ஓட்டுவாங்க. ஒரு மூலையில மட்டும் வெளுக்காம நின்னுச்சுன்னா அங்க தனியா ஒரு சின்ன ஆர்ட்டரி இருக்கும், அத தேடி புடிச்சு அதுக்குள்ளயும் விடணும். அத விட்டுட்டா அந்த பகுதி போச்சு.

அந்த திரவம் என்னன்னு பாத்தா அது ஒரு தனி கதை. 10 டிகிரி குறைச்சா செல்லோட வேலை ஏறக்குறைய பாதியாகும், 4 டிகிரில பத்துல ஒரு பங்கு அளவுதான் இருக்கும், ஆனா குளிரே அந்த சோடியம் பம்ப்பையும் நிறுத்திடும், அதனால சாதாரண சலைன ஜில்லுனு பண்ணி ஊத்தினா செல் உப்பிடும். 1969ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஜெஃப்ரி காலின்ஸ் குழு, செல்லுக்கு உள்ள இருக்கற மாதிரியே பொட்டாசியம் அதிகமா வச்சு ஒரு திரவம் பண்ணி, நாயோட கிட்னிய வெறும் ஐஸ்ல 30 மணி நேரம் வச்சு காட்டினாங்க. 1980கள்ல விஸ்கான்சின்ல பெல்சரும் சதர்டும் யூடபிள்யூ சொல்யூஷன கொண்டு வந்தாங்க, அதுல லாக்டோபையோனேட், ராஃபினோஸ்னு பெரிய மூலக்கூறுகள், செல்லுக்குள்ள நுழைய முடியாது, அதனால தண்ணிய வெளியவே புடிச்சு வைக்கும். ஜெர்மனில இதய ஆபரேஷனுக்காக பண்ண ஹெச்டிகேங்கற திரவமும் பல இடத்துல ஓடுது, எங்க பக்கமும் இது ரெண்டுல ஒண்ணுதான். யூடபிள்யூல மேல சொன்ன அந்த ஸ்டார்ச்சும் இருக்கு, ஆனா அது கிட்னிய வைக்கறதுக்கு முன்னாடி கழுவி எடுத்துடற திரவத்துல, டோனர் ரத்தத்துல ஏத்தறது வேற விஷயம், ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க.

பெட்டிக்குள்ள எப்படி வைக்கறாங்கன்னு கேட்டீங்கன்னா, முதல் பையில கிட்னியும் சொல்யூஷனும், அதுக்கு மேல ரெண்டாவது பையில ஜில் சலைன், அதுக்கு மேல மூணாவது பை, அப்புறம்தான் ஐஸ். கிட்னி நேரா ஐஸ் மேல படவே கூடாது, பட்ட இடம் உறைஞ்சு செத்துடும். இப்படி வச்சு 24 மணி நேரத்துக்குள்ள வைக்கணும்னு பொதுவா சொல்வாங்க, ஆனா 24 வரைக்கும் பத்திரம், அப்புறம் ஆபத்துன்னு ஒரு கோடு கிடையாது, 2015ல வந்த பிரெஞ்சு கணக்குல ஒவ்வொரு கூடுதல் மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமா ரிஸ்க்க ஏத்துதுன்னு காட்டிட்டாங்க.

ஐஸ விட நல்ல வழி மெஷின் பெர்ஃப்யூஷன். வேடிக்கை என்னன்னா மெஷின்தான் முதல்ல வந்தது, 1967லயே சான் ஃபிரான்சிஸ்கோல இதே பெல்சர் நாயோட கிட்னிய பம்ப்ல ஓட்டி 72 மணி நேரம் வச்சு காட்டிட்டாரு. ஆனா அந்த கால மெஷின் பிரம்மாண்டமா இருக்கும், கூட ஆள் போகணும், அதனால காலின்ஸோட ஐஸ் பெட்டி வந்ததும் உலகமே சுலபமான பக்கம் போயிடுச்சு. இப்ப கையில தூக்கிட்டு போற அளவு பெட்டி வந்தாச்சு, கிட்னி ஆர்ட்டரிய ஒரு கேனுலால மாட்டி, ஜில் சொல்யூஷன 25, 30 அழுத்தத்துல மெதுவா தள்ளிட்டே இருக்கும், ஓட்டம் எவ்வளவு, எதிர்ப்பு எவ்வளவுன்னு திரையில தெரியும். நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனில 336 டோனர எடுத்து, ஒரே டோனரோட ஒரு கிட்னிய மெஷின்ல, இன்னொண்ண ஐஸ்ல வச்சு பாத்தாங்க, இத விட நியாயமான ஒப்பீடு இருக்க முடியாது. 2009ல ரிசல்ட், டிஜிஎஃப் மெஷின்ல 20.8 சதவீதம், ஐஸ்ல 26.5, ஒரு வருஷம் கழிச்சு வேலை செஞ்சுட்டு இருந்த கிட்னி மெஷின்ல 94 சதவீதம், ஐஸ்ல 90. அந்த ஜில் திரவத்துல ஆக்சிஜனையும் கலந்து ஓட்டினா, இதயம் நின்னதுக்கு அப்புறம் எடுத்த 50 வயசுக்கு மேல்பட்ட டோனர் கிட்னிகள்ல தோல்வி 10 சதவீதத்துல இருந்து 3க்கு இறங்கினத 2020ல காட்டினாங்க. உடம்பு சூட்டுல ரத்தத்தையே ஓட்டற முறையும் இருக்கு, பிரிட்டன்ல முறையா ட்ரையல் பண்ணி 2023ல வெளியிட்டாங்க, கடைசி ஒரு மணி நேரம் அப்படி ஓட்டினதால ஆபத்து இல்ல, ஆனா டிஜிஎஃப் குறையல.

இப்ப அந்த போர்வை கதையோட அடுத்த பாகம். குளிர் நல்லது, மெஷினும் நல்லது, அப்ப டோனர குளிர வச்சுட்டா மெஷின் செலவே வேண்டாமான்னு அதே அமெரிக்க குழு அடுத்த கேள்விய கேட்டாங்க. டோனர குளிர வச்சு கிட்னிய ஐஸ்ல வைக்கறது, டோனர் சாதாரண சூட்டுல கிட்னி மெஷின்ல, ரெண்டும் சேத்து, இப்படி மூணு பிரிவு, மொத்தம் 1349 கிட்னி. 2023ல ரிசல்ட் வந்தது, டிஜிஎஃப் குளிர் மட்டும் 30 சதவீதம், மெஷின் மட்டும் 19, ரெண்டும் சேந்தா 22. அதாவது மெஷின் தெளிவா ஜெயிச்சது, அது கூட குளிரையும் சேத்ததால கூடுதல் லாபம் ஒண்ணும் இல்ல. தாங்களே கண்டுபிடிச்ச ஒண்ண தாங்களே எடுத்து மெஷினோட மோத விட்டு, தோத்ததையும் அப்படியே எழுதின அந்த குழு மேல எனக்கு பெரிய மரியாதை இருக்கு. என்னோட கருத்து, மெஷின் இருக்கற இடத்துல மெஷின்தான், சந்தேகமே வேண்டாம். ஆனா மெஷின் கைக்கு எட்டாத ஆஸ்பத்திரிகள் நம்ம நாட்டுல நிறைய இருக்கு, அங்க 2015 ரிசல்ட்ட தூக்கி போட காரணம் இல்ல, அந்த பெட்டுல குறைஞ்சபட்சம் போர்வைய போட்டு கஷ்டப்பட்டு சூடு ஏத்தறத பத்தியாவது யோசிக்கலாம்.

தைக்கற நேரத்தையும் மறந்துடக்கூடாது. ஐஸ்ல இருந்து எடுத்து ஆர்ட்டரி, வெயின் தைச்சு முடிக்கற அந்த முக்கால் மணி நேரம் கிட்னி பேஷன்ட்டோட வயித்து சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா சூடாகிட்டே இருக்கும், ரத்தம் இன்னும் வரல, அதனால ஐஸ் துணில சுத்தி வச்சுட்டு வேகமா தைப்பாங்க. இதெல்லாம் சரியா நடந்தா, கிளாம்ப எடுத்ததும் வெளிறி கிடந்த கிட்னி சில நொடில ரோஸ் கலருக்கு வந்து விம்மும், சில சமயம் கிட்னில இருந்து யூரின கொண்டு போற யூரிட்டர் குழாய் நுனில அங்கயே சொட்டு விழ ஆரம்பிக்கும். உயிரோட இருக்கற சொந்தக்காரர் குடுக்கற கிட்னில இது ரொம்ப சகஜம், ஏன்னா அங்க ஐசியூ புயலும் இல்ல, மணிக்கணக்கா ஐஸும் இல்ல, பக்கத்து தியேட்டர்ல இருந்து நேரா வருது.

உங்க மாமா விஷயத்துக்கு வர்றேன். டோனர் ஐசியூல நடக்கறது உங்க கைல இல்ல, ஆனா கோல்ட் டைம்ல, அதாவது கிட்னி ஐஸ்ல காத்திருக்கற நேரத்துல, ஒரு பகுதி உங்க கைலதான் இருக்கு. டோனரோட ஒத்துப்போகுதான்னு பாக்கற கிராஸ்மேட்ச் டெஸ்டுக்கு குடுக்க வேண்டிய ரத்த சாம்பிள கேக்கற தேதில தவறாம குடுத்துடுங்க, ரத்தம் ஏத்தியிருந்தா கோஆர்டினேட்டர்கிட்ட உடனே சொல்லுங்க, லிஸ்ட்ல குடுத்த போன் நம்பர் மாறினா அன்னைக்கே மாத்துங்க, ராத்திரி சைலன்ட்ல போடாதீங்க, கூப்பிட்டா எந்த வண்டில வருவீங்க, பணம் எங்க இருக்குன்னு முன்னாடியே முடிவு பண்ணி வைங்க. டயாலிசிஸ் ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க, பொட்டாசியம் ஏறி வந்தாருன்னா முதல்ல டயாலிசிஸ் பண்ணி அப்புறம் தியேட்டருக்கு எடுக்கணும், அந்த நாலு மணி நேரமும் கிட்னி ஐஸ்லதான் காத்திருக்கும். போற ஆஸ்பத்திரில மெஷின் பெர்ஃப்யூஷன் இருக்கா, சராசரியா எத்தன மணி நேரத்துல வைக்கறீங்கன்னு தாராளமா கேக்கலாம், கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

வச்சதுக்கு அப்புறம் முதல் வாரம் யூரின் வரலன்னா, ஒரு வாரமோ ரெண்டு வாரமோ கூட ஆகலாம், டயாலிசிஸ் தொடரும், அத பாத்துட்டு கிட்னி போச்சுன்னு வீட்டுல அழ ஆரம்பிச்சுடாதீங்க. நடுவுல டாக்டர் பயாப்ஸி, அதாவது கிட்னில இருந்து சின்ன துணுக்கு டெஸ்டுக்கு, எடுக்கணும்னு சொன்னா சம்மதிங்க, கிட்னி அடிபட்டு ஓய்வுல இருக்கா, இல்ல அதுக்குள்ள ரிஜக்‌ஷன் ஆரம்பிச்சிடுச்சான்னு யூரினே வராத நேரத்துல ரத்த டெஸ்ட் மட்டும் வச்சு சொல்ல முடியாது.